எந்தப் பக்கம்?

"எழுத்தில் கவனமில்லை" என்று அந்தப் பையனின் கொப்பியில் சிவப்பு மையால் எழுதியவன் நான்தான். இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையின் கடினமான கட்டங்கள் முடிந்து, மாத்திரைகளும் மாதாந்த ஊசியும் தொடர்ந்த நிலையில் ஆறாந் தரத்துக்கு வந்திருந்தான். பென்சில் அடிக்கடி கைநழுவும். சட்டைத் தெறி பூட்ட நேரமெடுப்பான். முழங்காலை உயர்த்தி, பாதம் தொப்பெனத் தரையில் விழ நடப்பான். குறும்பென்று நினைத்து அதட்டியுமிருக்கிறேன்.

ஒருநாள் வகுப்புக் கலைந்தபின் சொன்னான்: "கால்ல எறும்பு ஊருற மாதிரி இருக்கு சேர். உம்மாட்ட சொல்லிராதீங்க. உசிரே கிடைச்சிருக்கு, இதுக்குப் போய் அழுறியா எண்டு கேப்பாங்க."

அந்த ஊசி வின்கிறிஸ்டின். நமது வேலியோரத்துப் பட்டிப்பூச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 1963இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற மருந்து. கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழாய்களை அது உருவாக விடாது. புற்றுக்கலம் பெருக வழியின்றிச் சாகிறது. ஆனால் நரம்பிழையினுள் போக்குவரத்துப் பாதைகளாக இருப்பவையும் அதே நுண்குழாய்கள்தாம். நீண்ட நரம்புகளே முதலில் தளர்வதால், பாதத்திலும் விரல்களிலும் விறைப்புத் தொடங்குகிறது. ஆக, மருந்து செய்வது ஒரே காரியம். ஒன்றை விளைவென்றும் மற்றதைப் பக்க விளைவென்றும் பிரித்தது நமது நோக்கம். கால் விறைத்தவனுக்கு அது எந்தப் பக்கம்?

மருத்துவர்களை நான் குறைசொல்லவில்லை. ஒரு காலத்தில் இந்நோய் கண்ட பிள்ளைகள் சில மாதங்களில் மடிந்தார்கள். இன்று பல மருந்துகளின் கூட்டால், வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பேரளவில் பிழைக்கிறார்கள். என் பிள்ளையென்றால் நானும் கையொப்பமிட்டிருப்பேன்.

என்னை உறுத்துவது அதற்குப் பின்னால் நாம் கேட்கும் நன்றி. பிழைத்தவன் முறையிட்டால் நன்றிகெட்டவன் ஆகிவிடுகிறான். புற்று அடங்கியதை இரத்தப் பரிசோதனை காட்டும். காலில் எறும்பு ஊர்வதை அது காட்டாது. அதைச் சொல்லக்கூடியவன் அவன் ஒருவனே. அவன் சொன்னால்தான் மருத்துவர் மருந்தளவை யோசிக்கலாம், பாதத்துக்குத் தாங்கி கொடுக்கலாம், பயிற்சி தொடங்கலாம். மருந்து நின்றபின் பலருக்கு இது மெல்லக் குறையும், எல்லோருக்கும் அல்ல. அந்த ஒரு வாயைத்தான் நாங்கள், உம்மாவும் ஊரும் வாத்தியாருமாகச் சேர்ந்து அடைத்திருந்தோம்.

அவனிடம் அனுமதி கேட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அழுததை மட்டும் சொல்லக்கூடாது என்றான்.

"உசிர் தப்பினதே போதும் சேர்" என்றுதான் உம்மா தொடங்கினார். பிறகு அவனைக் கூப்பிட்டு, பாதத்தை மடியில் வைத்து, விரல் விரலாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

அடுத்த கிளினிக்குக்கு இருபது நாள் இருந்தது. அவர் அதுவரை காத்திருக்கவில்லை.