இளவேனில் உணவும் சாவக நெறியும்

பனிக்காலத்தில் உடலில் சேர்ந்த கபம் சித்திரை, வைகாசி வெயிலில் இளகிப் பெருகிச் செரிமானத் தீயை மந்தமாக்கும் என்பது ஆயுர்வேத நூலோர் கொள்கை. ஆதலின் இளவேனிலில் எளிய உணவை அளவோடு உண்க, புளிப்பும் இனிப்பும் நெய்ப்பும் குறைக்க, பகலுறக்கம் தவிர்க்க என்பர். வயிறு நிரம்புமுன் நிறுத்தும் அவமோதரியம் நம் புறத்தவம் ஆறனுள் ஒன்றன்றோ! இதுவரை நமக்கு இடர்ப்பாடு ஏதுமில்லை.

ஆனால் கபத்தை அறுக்க அந்நூல்கள் தேனையும் விதிக்கின்றன. தேன் நீத்தலோ சாவகர்தம் எட்டு மூலகுணங்களுள் ஒன்று. சித்திரை முதல் நாளில் அண்டை வீடுகளில் மணக்கும் வேப்பம்பூப் பச்சடியும் நமக்கு ஆகாது. பயன் சிறிது, உயிர்க்கேடு பெரிது என்று வேப்பம்பூவையும் பச்சை இஞ்சியையும் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் விலக்கியுள்ளார். பிள்ளைகள் காரணம் வினவினால், பூவினுள் ஊரும் சிற்றுயிர்களைக் காட்டினாலே போதும்.

மருந்துதானே, ஒரு துளி தேன் குழைத்தால் என்ன என்று நம்முள் சிலர் கேட்கின்றனர். அத்துளிக்காகக் கலைக்கப்பட்ட கூட்டை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. உலர்ந்த சுக்கும் மிளகும் திப்பிலியும் கபத்தை நீக்கும் என்று அதே நூல்களே கூறுகின்றனவே! சுக்குப்பொடியை வெந்நீரில் கலந்து கதிரவன் மறையுமுன் பருகலாம். நோயுற்றோர் தம் விரதத்தை மருத்துவரிடம் முன்னரே சொல்லி, தேனுக்கு மாற்றாக வெந்நீரில் கொள்ளத்தக்க மருந்தைக் கேட்டுப் பெறுக.