வடதிசை வனமும் வானப்பிரஸ்தமும்

தலை நரைத்து, பேரப் பிள்ளைகளின் முகத்தையும் கண்ட பின் வனம் ஏகும் கிருகஸ்தன், மனைவியைப் புத்திரர்களிடம் ஒப்புவிக்கலாம், உடன் அழைத்தும் செல்லலாம் என்று மனுஸ்மிருதி விதிக்கிறது. கனடாவின் டாசன் கிரீக்கில் தொடங்கி, யூக்கான் வனாந்தரத்தை ஊடுருவி அலாஸ்காவை எட்டும், 1942இல் யுத்தத்தின் பொருட்டு அமெரிக்க ராணுவம் அவசர அவசரமாக அமைத்த நெடுஞ்சாலையில், கூடாரமும் அடுப்புமாகக் காரில் நிதானமாகச் செல்லும் முதிய தம்பதிகளை அந்த வானப்பிரஸ்த ஆசிரமத்தில் சேர்ப்பதா, வெறும் உல்லாசப் பிரயாணிகள் என்று ஒதுக்குவதா?

பெட்ரோலும் டப்பா உணவும் கொண்டு செல்பவர்களுக்குத் துறவேது என்று பண்டிதர்கள் நகைக்கக்கூடும். நகைப்பது அவர்களுக்குச் சுலபம். ஆனால் லியார்ட் நதியருகே வெந்நீர் ஊற்றில் நீராடித் திரும்பி, இரவு பதினொரு மணிக்கும் முற்றிலும் மங்காத ஜூன் மாத வெளிச்சத்தில், கரடி மோப்பம் பிடித்து வராதிருக்க உணவை மட்டுமன்றிப் பற்பசையையும் சோப்பையும்கூடக் கூடாரத்தினின்று அகற்றிக் காரில் பூட்டிவிட்டுப் படுக்கும் அவ்விருவருக்கும் எஞ்சியிருப்பது ஒருவருக்கொருவர் துணை என்பதொன்றே. பற்று அடியோடு அற்றால்தான் வைராக்கியம் என்பார்க்கு இது போதாது. ஸ்மிருதிகாரரோ அந்த ஒரு பற்றை அறிந்தே விட்டுவைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது; தனித்துத் திரிவதை அவர் அடுத்த ஆசிரமமாகிய சந்நியாசத்துக்கே விதித்திருக்கிறார்.