மணல் மேல் வீடு கட்டியவர்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தை ஒட்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல் தீவுகளில் ஒன்று ஒக்ரகோக். தீவுக்குப் பாலம் கிடையாது. பெரும்பாலோர் ஃபெர்ரியில்தான் வருகிறார்கள். ஊருக்குள் சைக்கிளும் கோல்ஃப் வண்டியும் நிதானமாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரையில் ஒரு விடுதிகூட இல்லை. தீவின் பெரும்பகுதி தேசியக் கடற்கரைப் பூங்காவாகக் காக்கப்படுவதே காரணம். ஊர் இருப்பது மறுபுறம், பாம்லிகோ காயலை ஒட்டி. நிரந்தரமாக வாழ்பவர்கள் சுமார் 800 பேர்.

ஓய்வுக்காக வருகிறவரையும் இந்த ஊர் ஒரு பழைய சமயக் கேள்விக்கு முன்னால் நிறுத்திவிடுகிறது. மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையில், புத்தியுள்ளவன் பாறைமேல் வீடு கட்டுகிறான். புத்தியில்லாதவன் மணல்மேல் கட்டுகிறான். வெள்ளம் வந்ததும் இரண்டாமவன் வீடு விழுகிறது. தலைமுறை தலைமுறையாகத் தேவாலயத்தில் இதைக் கேட்டு வளர்ந்த மக்கள், பாறையே இல்லாத தீவில் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். அப்படியானால் அவர்கள் அனைவரும் அறிவிலிகளா?

இங்கே மணல் மட்டுமல்ல, தீவே நகர்கிறது. புயல் அலை கடற்பக்க மணலை வாரித் தீவின் மேலாகக் கொண்டுபோய்க் காயல் பக்கம் கொட்டுகிறது. முன்பக்கம் தேய, பின்பக்கம் வளர, கடல்மட்டம் உயரும்போது தீவு மெல்லப் பெருநிலத்தை நோக்கிப் பின்வாங்குகிறது. பக்கத்துத் தீவிலுள்ள ஹாட்டெரஸ் கலங்கரை விளக்கம் 1870-இல் எழுந்தபோது கடல் சுமார் 1,500 அடி தூரத்தில் இருந்தது. அலை அதன் அடிவாரத்தை நெருங்கிவிடவே, 1999-இல் அந்த மாபெரும் கோபுரத்தை அப்படியே தண்டவாளத்தில் ஏற்றி 2,900 அடி நகர்த்தினார்கள்.

தீவுவாசிகளுக்கு இதைச் சொல்லித்தர விஞ்ஞானி தேவைப்படவில்லை. 1944-இல் பெரும்புயல் தாக்கியபோது, ஒக்ரகோக்கில் சிலர் கோடரியால் தங்கள் வீட்டுத் தரையையே வெட்டித் துளையிட்டார்கள். வெள்ளம் உள்ளே வரட்டும் என்பதுதான் நோக்கம். தரைக்கு அடியில் நீர் திரண்டால் மரவீடு மிதந்து அடித்தளத்தை விட்டுப் போய்விடும். உள்ளே நீர் நிறைந்தால் அந்தப் பாரமே வீட்டைப் பிடித்து நிறுத்தும். பாயும் படுக்கையும் நனையும், மாதக்கணக்கில் சேறு கழுவ வேண்டிவரும், ஆனாலும் வீடு மிஞ்சும். உவமையின் மூடன், வெள்ளம் வராது என்று நம்பியவன். வெள்ளத்துக்கு வழிவிடத் தெரிந்தவர்களை அவனோடு சேர்த்து எண்ணுவது நியாயமாகாது. சொன்னதைக் கேட்டும் அதன்படி நடவாதவனைப் பற்றித்தான் இயேசு பேசினார். மனை தேர்ந்தெடுப்பது எப்படி என்று அவர் பாடம் நடத்தவில்லை.

ஊரின் மெதடிஸ்ட் தேவாலயத்துப் பீடத்தில் ஒரு மரச்சிலுவை இருக்கிறது. 1942 மார்ச்சில் ஜெர்மன் நீர்மூழ்கியொன்று 'கரிப்சீ' என்ற சரக்குக் கப்பலை இந்தக் கடலில் மூழ்கடித்தது. இறந்தவர்களில் ஒக்ரகோக் இளைஞர் ஒருவரும் உண்டு. பின்னர் அந்தக் கப்பலின் மரத்துண்டு இதே தீவில் கரையொதுங்கியது. அதிலிருந்து செதுக்கியதுதான் அந்தச் சிலுவை. பிள்ளையைக் கொண்டுபோன கடல் கொடுத்த மரத்தின் முன் அந்த ஊர் ஞாயிறுதோறும் மண்டியிடுகிறது. கடவுள் ஏன் காக்கவில்லை என்ற கேள்விக்கு அது விடை ஆகாது. ஆனால் கேள்வியை மறைக்காமல் பீடத்திலேயே வைத்திருப்பது, எளிதான ஆறுதல் எதையும்விட நேர்மையானது.

2019 செப்டம்பர் 6 அன்று டோரியன் புயலில் காயல் நீர் திடீரென்று ஊருக்குள் புகுந்தது. நான்கு முதல் ஏழு அடி வரை. பல வாரங்களுக்குப் பயணிகளை அனுமதிக்கவில்லை. வீடுகளை உயரத் தூக்கிக் கட்டும் வேலை அதன்பின் வேகம்பிடித்தது.

இதே மணலில் வேறுவிதமாகவும் வாழலாம் என்பதற்கு ஹாட்டெரஸ் தீவின் ரோடாந்தி சாட்சி. அங்கே கடலோர வாடகை வீடுகள் 2020-க்குப் பிறகு ஒவ்வொன்றாக அலையில் சரிந்துவருகின்றன. ஆணியும் கண்ணாடியும் சிதறிய கரையில் சுத்தம் செய்கிறவர்கள் வேறு யாரோ. பூங்காத் துறை 2023-இல் இரண்டு வீடுகளை விலைக்கு வாங்கி, விழுவதற்கு முன்பே இடித்து அகற்றியது. தன் வீடு விழும் என்று தெரிந்தும் அதன் சிதிலத்தைப் பிறர் காலடியில் விட்டுவைப்பதில்தான் அந்த உவமை கண்டிக்கும் மடமை இருக்கிறது.

விட்டுப்போவதும் விசுவாசத்தின் ஒரு பகுதியாக இருக்க முடியும். ஒக்ரகோக்குக்குத் தென்மேற்கே கடல் நீர்வழியைத் தாண்டினால் போர்ட்ஸ்மத். 1753-இல் நிறுவப்பட்ட அந்தத் துறைமுக ஊரில் 1860-இல் 600-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். 1846-இன் புயல் வடக்கே புதிய நீர்வழி திறந்துவிட்டதால் கப்பல்கள் மெல்ல விலகின. வேலை போனது, குடும்பங்கள் போயின. கடைசியாக எஞ்சிய இரண்டு பெண்களும் 1971-இல் வெளியேறினார்கள். ஊர் இறந்தாலும் சபை இறக்கவில்லை: இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வம்சாவளியினர் படகில் வந்து, அங்குள்ள மரத் தேவாலயத்தில் பாடி, முற்றத்தில் கூடிச் சாப்பிடுகிறார்கள்.

ஒக்ரகோக்கும் ஒருநாள் அந்த முடிவை எடுக்க வேண்டிவரலாம். தீவின் வடமுனையில் நெடுஞ்சாலை 12-ஐப் புயல் மீண்டும் மீண்டும் அரிக்கிறது. அரசு மீண்டும் மீண்டும் செப்பனிடுகிறது. அந்தச் செலவைத் தீவையே பார்த்திராதவர்களும் சுமக்கிறார்கள். எத்தனை முறை செப்பனிடுவது என்பது பொறியாளர்கள் மட்டும் தீர்க்கும் கணக்கு அல்ல. அயலாரிடம் எவ்வளவு கேட்கலாம் என்ற அறக்கேள்வி. ஒரு வாரம் வாடகைக்குத் தங்கிக் கடல் பார்த்துவிட்டு அதே சாலையில் திரும்புகிறவர்களுக்கும் அதில் பொறுப்பு உண்டு.