பேச வைப்பதற்கு லைசென்ஸ்

அமெரிக்காவில் திக்குவாய்க்குப் பயிற்சி தருகிறவரும், காது கேட்கிறதா என்று சோதிக்கிறவரும் மாநில அரசிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் என்றால் முதுகலைப் பட்டம், தேசியத் தேர்வு, பெரும்பாலான மாநிலங்களில் மேற்பார்வையில் சில மாத வேலை. 'இதெல்லாம் ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களைக் காப்பாற்றத்தான்' என்ற ரீதியில் மில்டன் ஃப்ரீட்மன் 1962-லேயே வாதாடினார்.

வாஸ்தவம் மாதிரித்தான் தெரியும். ஆனால் யோசியுங்கள். ஹோட்டலில் இட்லி சரியில்லையா, அடுத்த தடவை போகமாட்டோம். இரண்டு வயசுக் குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. அரைகுறை ஆள் ஒருவர் ஒரு வருஷத்தை வீணடித்துவிட்டார். யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது? புகார் சொல்ல வேண்டியவனுக்கே பேச்சு வராதே! அவனுக்காக அரசாங்கம் முன்கூட்டிக் கேட்கும் கேள்விதான் லைசென்ஸ்.

2022-ல் அங்கே ஒரு விதி வந்தது. லேசாகவோ மிதமாகவோ காது மந்தமான பெரியவர்கள், பரிசோதனை இல்லாமலே கடையில் கேட்புக் கருவி வாங்கலாம். குழந்தைகளுக்குக் கிடையாது. சரிதானே? தன் காதுக்கு ரிஸ்க் எடுக்கப் பெரியவருக்கு உரிமை உண்டு.

ஆனால் ஒரு மாநிலத்து லைசென்ஸ் பக்கத்து மாநிலத்தில் செல்லாது என்பதுதான் உதைக்கிறது. எல்லை தாண்டினால் படிப்பு மறந்துவிடுமா என்ன? பல மாநிலங்கள் இதற்கென்றே ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கின்றன. அந்தக் கெடுபிடியால் எந்தக் குழந்தையும் ஒரு வார்த்தைகூட அதிகம் பேசப்போவதில்லை.