ஒரே சல்லடை

சமயவாதிகளுக்குப் பகுத்தறிவே கிடையாது என்று நம் தோழர்கள் சிலர் மேடையிலே முழங்குகின்றனர். நாம் அதனை ஒப்பவில்லை. பகுத்தறிவு அவர்களிடம் உண்டு; நிறையவே உண்டு. ஆனால் அதனைத் தம் வீட்டு வாயிலுக்கு வெளியே மட்டுமே அவர்கள் செலவிடுகின்றனர். அடுத்த மதத்தான் போற்றும் அருளாளரை ஆராயும்போது ஒவ்வொரு பக்தனும் ஒரு நாத்திகன். தான் போற்றும் அருளாளரின் முன்னிலையிலோ கேள்வி கேட்பதே பாவம் என்பான். அங்கே ஆதாரம் கேட்ட அதே வாய், இங்கே அற்புதம் பாடுகிறது!

"இறைவன் என்னை அனுப்பினான்", "இறைவன் என்னிடம் பேசினான்", "இறைவனே நானாக வந்தான்" என்று உரைத்தோர், அல்லது உரைத்ததாகப் பிறரால் சொல்லப்பட்டோர், உலகில் பலர். அவர்களுள் மெய் எது, பொய் எது என்று மக்கள் எந்த அளவுகோல் கொண்டு முடிவு செய்தனர்? இதற்கு விடை தேட நாம் உரோமாபுரிக்கும் மக்காவுக்கும் காசிக்கும் போக வேண்டுவதில்லை. தூத்துக்குடியின் கரையும் அதனை அடுத்த ஊர்களும் போதும்.

ஆழ்வார்திருநகரியிலே நம்மாழ்வார் பிறந்தது முதல் அழாமலும் உண்ணாமலும் பதினாறு ஆண்டுகள் புளியமரத்தடியில் மோனத்தில் இருந்தார் என்பர் வைணவர். திருவைகுண்டத்துக் குமரகுருபரர் ஐந்து வயதுவரை ஊமையாக இருந்து, திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்து பாடினார் என்பர் சைவர். கொம்புத்துறையிலே கிணற்றில் விழுந்து மாண்ட சிறுவனைச் சவேரியார் உயிர்ப்பித்தார் என்பர் கத்தோலிக்கர். எட்டயபுரத்தில் அடக்கமாகியுள்ள உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணத்தில் 'நுபுவ்வத்துக் காண்டம்' என்றே ஒரு காண்டம் இருக்கிறது. நுபுவ்வத்து என்றால் நபித்துவம். நபிகள் நாயகம் வான்மதியை அழைத்துப் பிளந்த அற்புதமும் அந்தக் காப்பியத்தில் விரிகிறது. நான்கு ஊர்கள், நான்கு அற்புதங்கள். தமிழின் சுவைக்காக நான்கையும் நாம் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். ஆனால் நான்கையும் நடந்த செய்தி என்று நம்புவார் எவரேனும் உளரா? ஒன்றை நம்புவோர் மற்ற மூன்றைக் கதை என்கின்றனர். ஏன் கதை என்று கேட்டுப் பாருங்கள். "பதினாறு ஆண்டு உண்ணாமல் உயிர் தரிக்குமா? செத்தவன் எழுவானா? நிலவு பிளந்தால் உலகமே கண்டிராதா?" என்று அழகாக வாதாடுவார்கள். அந்த வாதங்களை எல்லாம் சேர்த்துக் கட்டினால் நமக்கு ஒரு நாத்திக நூலே கிடைத்துவிடும். எழுதிய கை எல்லாம் பக்தர்களின் கை!

சவேரியாரையே எடுத்துக்கொள்வோம். 1542இல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தவர். வெயிலிலும் மணலிலும் ஊர் ஊராக நடந்தவர். ஏழை மீனவர்க்காகப் போர்த்துக்கீசிய அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றவர். அவருடைய உழைப்பை நாம் குறைத்துப் பேசோம். அவர் 1544இல் எழுதிய மடலிலே ஒரு நிகழ்ச்சி உண்டு. இருநூறு பேருக்கு மேல் பார்ப்பனர் இருந்த ஒரு கோயிலுக்குச் சென்றார். அது திருச்செந்தூர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. "நற்கதி பெற உங்கள் தெய்வங்கள் என்ன கட்டளை இடுகின்றன?" என்று அவர் கேட்க, பசுவைக் கொல்லலாகாது, பார்ப்பனருக்குத் தானம் தரவேண்டும் என்று மறுமொழி வந்ததாம். சிலைக்குப் படைத்ததைச் சிலை உண்ணவில்லை, புரோகிதர் குடும்பமே உண்கிறது என்றும் அவர் எழுதினார். ஈரோட்டுப் பெரியார் பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்த கேள்வி! கேட்டவர் கருஞ்சட்டை அணிந்தவர் அல்லர். அங்கி அணிந்த பாதிரியார். ஆனால் அதே மடலில், சிறுவர்கள் நோயாளிகளிடம் சென்று செபம் சொல்ல நோய் நீங்கிற்று என்றும் எழுதுகிறார். அங்கே அவர் ஒரு குறுக்குக் கேள்வியும் கேட்கவில்லை. செபம் சொல்லியும் இறந்தோர் எத்தனை பேர், சொல்லாமலே பிழைத்தோர் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கவில்லை. கோயிலுக்குள் கண்திறந்து நடந்த அறிவு, சொந்தக் குடிசைக்கு வந்ததும் கண்ணயர்ந்துவிட்டது.

சரி, அளவுகோல் எதுவாயினும், ஆராய்ந்து பார்த்தா இந்தக் கரை மக்கள் மதம் மாறினர்? வரலாறு வேறு கூறுகிறது. முத்துக்குளிக்கும் உரிமை பற்றி எழுந்த பகையில் நெருக்குண்ட பரதவர், கடற்படை வலிமை பெற்ற போர்த்துக்கீசியரின் துணையை நாடினர்; 1535 முதல் 1537 வரை பல்லாயிரவர் ஞானஸ்நானம் பெற்றனர். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த சவேரியாரே, இம்மக்கள் தாம் கிறித்தவர் என்பதற்கு மேல் ஒன்றும் அறியார் என்று எழுதினார். அவர்களை நாம் குறை கூறவில்லை. வயிறும் வலையும் காக்க அன்று அவர்கள் செய்தது அரசியல் முடிவு, அறிவுள்ள முடிவுங்கூட. நாம் கேட்பது ஒன்றுதான்: பாட்டனார் படகைக் காக்க எடுத்த முடிவு, பேரனுக்குப் பரம்பொருளைப் பற்றிய இறுதித் தீர்ப்பாக எப்படி ஆயிற்று? காயல்பட்டினத்திலே பிறந்திருந்தால் குர்ஆன், திருச்செந்தூர்த் தெருவிலே பிறந்திருந்தால் கந்தபுராணம், தூத்துக்குடிக் கடற்புறத்திலே பிறந்ததால் பைபிள் என்றால், சான்று ஆராய்ந்தது யார்? தொட்டில்தானே தீர்ப்பு எழுதியிருக்கிறது!

இன்னொரு வழக்கு இருக்கிறது. அதிலே தொட்டிலோடு சாதியும் தீர்ப்பு எழுதிற்று.

1809இல் தென்திருவிதாங்கூரில் பிறந்தவர் முத்துக்குட்டி. பெற்றோர் முதலில் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்கு அந்தப் பெயரா என்று மேல்சாதியார் சீற, பெயர் மாறிற்று. 1833இல் நோயுற்றிருந்த அவர் திருச்செந்தூர்க் கடலில் இறங்கினார். மூன்றாம் நாள் நாராயணரின் மகனாக, வைகுண்டராக எழுந்து வந்தார் என்பது அவர் அன்பர்களின் நம்பிக்கை. சாதி பாராமல் அனைவரும் நீர் மொண்டு குளிக்கக் கிணறு கண்டார். தலை குனிந்து நின்றவர்களைத் தலைப்பாகை கட்டி நிற்கச் சொன்னார். அரசின் கொடுமையைப் பேசினார், சிறையும் கண்டார்.

அவரை எடை போட்டவர்கள் யார் யார் என்று பாருங்கள். திருவிதாங்கூர் அரசன் பத்மநாபனின் தாசன். நாடே பத்மநாபனுக்கு 1750இல் தானம் செய்யப்பட்டது. திருமால் மீனாக வந்தான், ஆமையாக வந்தான், பன்றியாக வந்தான் என்று ஏற்றுக்கொண்ட அந்த அரண்மனைக்கு, பனையேறும் குலத்திலே வந்தான் என்றால் மட்டும் அடுக்கவில்லை! பன்றிக்குக் கிடைத்த தகுதி பனையேறும் தமிழனுக்குக் கிடைக்கவில்லை. மிஷன் பாதிரிமாரோ அவரை வஞ்சகர் என்றும் தம் பணிக்கு இடையூறு என்றும் எழுதினர். கல்லறையிலிருந்து மூன்றாம் நாள் எழுந்தது அவர்களுக்கு வரலாறு. கடலிலிருந்து மூன்றாம் நாள் எழுந்தது வஞ்சகம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

நாம் நிறுக்கிறோம். கடலுக்குள் நடந்ததாகச் சொல்லப்படுவதற்கு நம்மிடம் சான்று இல்லை, ஆதலால் ஏற்கவில்லை. கிணறு இருக்கிறது; தலைப்பாகை இருக்கிறது; நிமிர்ந்த தலைமுறை இருக்கிறது. அவற்றைப் போற்றுகிறோம். அற்புதத்தை நீக்கினாலும் அந்த அறம் குறையவில்லை. ஒரு நற்செயல் நல்லதென்று தெரிய வானத்திலிருந்து முத்திரை வேண்டுமா?

"எங்கள் அருளாளருக்கு மட்டும் தனிச் சான்றுகள் உண்டு" என்பர். அவற்றையும் எண்ணிப் பார்ப்போம். அற்புதமா? எல்லோரிடமும் இருக்கிறது. வேதத்தின் சொல்லழகா? அவரவர் வேதமே அழகு என்பர் அவரவர். கூட்டத்தின் பெருக்கமா? அப்படியானால் எல்லா மதங்களும் சிறு கூட்டமாக இருந்த நாளில் பொய்யாக இருந்தனவா? உயிர் கொடுத்த தியாகிகளா? எல்லா மதத்திலும் உயிர் கொடுத்தோர் உண்டு. எதிரெதிர் கொள்கைக்காக இருவர் மாண்டால், தியாகம் இரண்டும் மெய். கொள்கை இரண்டும் மெய்யாக முடியாது. நிறைவேறிய தீர்க்கதரிசனமா? திருவிதாங்கூரிலே யூஸ்தூஸ் ஜோசப் என்ற போதகர் 1875இல் எழுந்து, ஆறாண்டில் கிறித்து மீண்டும் வருவார் என்றார். 1881 வந்தது, கிறித்து வரவில்லை. கூட்டம் கலைந்ததா? முற்றிலும் கலையவில்லை, விளக்கம் மாறிற்று, புதிய சபை தோன்றிற்று. பலித்தால் சான்று, பலிக்காவிட்டால் மறைபொருள்! ஒவ்வொரு மதமும் தன் அற்புதத்தால் மற்றதன் அற்புதத்தை மறுக்கிறது என்றார் ஹியூம், 1748இல். எதிரெதிர்ச் சாட்சிகள் ஒன்றையொன்று அடித்துவிட்டால் வழக்கில் எஞ்சுவது என்ன?

பின் ஏன் இந்த இரட்டை அளவை நிலைக்கிறது? அறியாமை மட்டும் காரணம் அன்று, அச்சமும் காரணம். இதற்கும் இந்தக் கடலே சாட்சி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பில் சுறாவை மந்திரத்தால் கட்டும் பார்ப்பனர்க்கு இருபதில் ஒரு பங்கு தரப்பட்டது என்றும், இரவில் திருடர் மூழ்காதபடி அவர்கள் மந்திரத்தை அவிழ்த்து விடுவர் என்றும் எழுதியுள்ளார். பின்னர் போர்த்துக்கீசியர் வந்தனர், டச்சுக்காரர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர், கடல்கட்டி போகவில்லை. மூழ்குவோர் பெரும்பாலும் சிலுவை வணங்குவோராகவும் தொழுகை புரிவோராகவும் ஆன பின்னும் போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆங்கில அரசே கடல்கட்டிக்குச் சம்பளம் தந்தது! மந்திரம் பலிக்கிறதா என்று அறிய ஒரே வழி, ஒரு நாள் மந்திரமின்றி மூழ்குவது. கல்லைக் காலில் கட்டி இறங்குகிறவனிடம், "இன்று சோதித்துப் பார்" என்று யார் சொல்வது? நூற்றுக்கணக்கான படகுகளின் ஆரவாரமே சுறாவை விரட்டியிருக்கலாம். புகழோ மந்திரத்துக்குப் போயிற்று. உயிருக்கு அஞ்சும் ஏழையை நாம் எள்ளமாட்டோம். அந்த அச்சத்தின்மீது இருபதில் ஒரு பங்கு வரி போட்டவனைத்தான் கேட்கிறோம்.

"ஊர் அமைதியாக இருக்கிறதே, ஆகஸ்ட் 5இல் பனிமய மாதா திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்களே, நீங்கள் ஏன் கிளறுகிறீர்கள்?" என்பர் பெரியவர்கள். அந்தத் திருவிழாக் கூட்டத்தின் அன்பு நமக்கும் உவப்பே. ஆனால் தேர் பார்க்க வருகிறவன் பெண் கேட்க வந்தால் என்ன ஆகிறது? அப்போதல்லவா தெரிகிறது, கேள்வி கேட்காமல் கட்டிய அமைதியின் கனம்! 1922இல் சென்னை உயர்நீதிமன்றத்திற்கு மலபாரிலிருந்து ஒரு வழக்கு வந்தது. கணவன், காதியானில் தோன்றிய மிர்சா குலாம் அகமதைப் பின்பற்றும் அகமதியா இயக்கத்தில் சேர்ந்தான். மதம் விட்டான், மணம் முறிந்தது என்று கருதி மனைவி வேறொருவரை மணந்தாள். அவள்மீது இருதார மணக் குற்றச்சாட்டு! ஒரு பெண் குற்றவாளியா இல்லையா என்பது, தொலைவிலுள்ள பஞ்சாபில் ஒருவர் உரிமை கொண்டாடிய அருளாளர் பட்டத்தை ஏற்றவன் முஸ்லிமா அல்லனா என்பதில் தொங்கிற்று. அவன் முஸ்லிமே என்று தீர்ப்பளித்தவர்கள் ஓல்டுஃபீல்டு என்ற ஆங்கிலேயரும் கிருஷ்ணன் என்பவரும். 1974இல் பாகிஸ்தான் நாடாளுமன்றமோ, அகமதியர் முஸ்லிம்கள் அல்லர் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டது. அருளாளர் யார் என்பதைக் கை தூக்கி எண்ணும் காலம் வந்தால், சிறுபான்மையாக இருப்பவன் கதி என்ன? இதனால்தான் கிளறுகிறோம்.

இளைஞர்களே! இந்தத் துறைமுகத்து முத்து வணிகரிடம் நாம் ஒரு பாடம் கற்கலாம். பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தனர். 20 துளை கொண்டதில் தொடங்கி 1,000 துளை கொண்டதுவரை. மூழ்கி எடுத்தவன் எந்த ஊர், எந்தக் குலம், எந்தக் கோயில் என்று சல்லடை கேட்கவில்லை. எல்லா முத்தும் அதே துளைகளில் விழுந்தன. ஆணிமுத்து மேலே நின்றது, தூள் கீழே இறங்கிற்று. சுவாதி நாளின் மழைத்துளியே சிப்பிக்குள் முத்தாகிறது என்று நாடு நம்பியிருந்தது. 1973இல் தூத்துக்குடிக் கடல்மீன் ஆராய்ச்சியாளர்கள் சிப்பிக்குள் கருவை வைத்து முத்தை விளைவித்துக் காட்டினர். அதற்காக எவரும் எவரையும் மதத்தை விட்டு நீக்கவில்லை. எந்த மதத்தானும் செய்து பார்க்கக்கூடிய உண்மை அது.

நாமும் ஒரே சல்லடை ஏந்துவோம். மாற்றான் அருளாளரிடம் கேட்கும் கேள்வியைச் சொந்த அருளாளரிடமும் கேள் என்று பக்தரிடம் சொல்வோம். சொல்லுமுன் நம் மேடையையும் அதிலே போட்டுச் சலிப்போம். தலைவர் சொன்னார் என்பதே சான்றாகவும், அவர் படமே பதிலாகவும் ஆகிவிட்டால், கருப்புச் சட்டைக்குள்ளும் ஒரு கடல்கட்டி புகுந்துவிடுவான். நான் சொல்வதை உன் அறிவு ஒப்பினால் மட்டும் கொள் என்றே பெரியார் ஊர்தோறும் சொன்னார். வேறு எந்தச் சொல்லை மறந்தாலும் அந்தச் சொல்லை மறவாதவரே அவர் தொண்டர்.