வறுமைக் காலத்து இசையும் மகிழ்ச்சியின் அறமும்

அயலவன் பசித்திருக்க ஒருவன் ஆடிப் பாடி மகிழ்தல் அறமாகுமா? தானே பசித்திருக்கும் ஒருவன் கையிலுள்ள சில சதங்களை உணவுக்கன்றி இசைக்குச் செலவிட்டால் அதனை அறிவீனம் எனலாமா? இவ்வினாக்கள் புதியனவல்ல. ஓர் இல்லத்திற் சாப்பறையும் மற்றோர் இல்லத்தில் மணமுழவும் ஒருங்கே ஒலிக்கக் கண்டு, இவ்வுலகைப் படைத்தவனையே பண்பற்றவன் எனச் சினந்தார் புறநானூற்றுப் புலவர் பக்குடுக்கை நன்கணியார். எனினும் அவர் சினத்தோடு நின்றுவிடவில்லை. உலகின் இயல்பை உணர்ந்தோர் இனியவற்றைக் காண்க என்றே முடித்தார். துன்பத்தை மறைக்காமல் இனிமையைக் காண்பது எவ்வாறு? 1930களில் ஐக்கிய அமெரிக்காவில் ஜாஸ் இசையும் அதன் வழிவந்த சுவிங் இசையும் பெற்ற செல்வாக்கு இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்றதொரு களமாகும்.

1929 ஒக்டோபரில் நியூ யோர்க் பங்குச் சந்தை சரிந்தது. 1933 அளவில் அந்நாட்டுத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தனர். இசைத்தட்டு விற்பனை படுவீழ்ச்சி கண்டது. வாத்தியக் குழுக்கள் பல கலைந்தன. ஆதலின் வறுமையே இசையை வளர்த்தது எனப் பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. வறுமை முதலில் இசைஞனின் வயிற்றில் அடித்தது. இசைக்கு மீள்வாழ்வு அளித்தவை மலிவான சாதனங்களே. 1930இல் நூற்றுக்கு 40 குடும்பங்களிடம் இருந்த வானொலி, 1940இல் நூற்றுக்கு 80க்கு மேற்பட்ட குடும்பங்களை எட்டியது. 1933இல் மதுவிலக்கு நீங்கியபின் மதுச்சாலைகளில், ஐந்து சத நாணயத்துக்கு ஒரு பாட்டை ஒலிக்கும் ஜூக்பொக்ஸ் இயந்திரங்கள் பெருகின. 1935 ஓகஸ்ட் 21ஆந் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் பலோமார் நடன மண்டபத்தில் பெனி குட்மன் குழுவினர் பெற்ற ஆரவார வரவேற்பைச் சுவிங் யுகத்தின் தொடக்கமாகக் கொள்வர். அவ்வரவேற்புக்கு வழிசமைத்ததும் வானொலியே.

இம்மகிழ்ச்சியை ஐயுற்றோருள் முதன்மையானவர் ஜேர்மனியச் சிந்தனையாளர் தியோடர் அடோர்னோ. 1936இல் ஜாஸ் பற்றியும் 1941இல் வெகுசன இசை பற்றியும் அவர் கட்டுரைகள் வெளியிட்டார். இவ்விசை தொழிற்சாலைப் பண்டம்போல ஒரே அச்சில் வார்க்கப்படுவது. அதிற் புதுமையாகத் தோன்றுவது வெறும் மேற்பூச்சு. களைத்த தொழிலாளிக்குச் சற்று ஓய்வளித்து மறுநாளும் அதே ஒழுங்குக்குப் பணியவைப்பது என்பது அவர் கருத்தின் சாரம். இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதே காலத்தில், உணவும் பரிசுப் பணமும் வேண்டி வாரக்கணக்காகப் போதிய உறக்கமின்றி ஆடிய நடன மரதன் போட்டியாளரை, கட்டணம் செலுத்தியோர் வேடிக்கை பார்த்தனர். பிறர் துன்பமே அங்குக் கேளிக்கையாயிற்று.

ஆயினும் அடோர்னோ இசையைப் பண்டமாகக் கண்ட அளவுக்கு, ஆடியோரின் நிலையில் நின்று அதனை நோக்கினாரல்லர். நியூ யோர்க்கின் ஹாலெம் பகுதியில் 1926இல் திறக்கப்பட்ட சவோய் நடன மண்டபத்தில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினர். நிறவொதுக்கல் சட்டமாகவும் வழக்கமாகவும் நிலவிய நாட்டில் இது சிறு நிகழ்ச்சியன்று. பகலிலே பணிப்பெண்ணாகவோ சுமையாளாகவோ மட்டும் கருதப்பட்ட ஒருவர், இரவிலே தமது ஆடற்றிறனால் மதிக்கப்பட்டார். அச்சில சதங்களுக்கு அவர் பெற்றது தன்மதிப்பு. அதனை அறிவீனம் என்பது எங்ஙனம்? நாஜி ஆட்சி 1935இல் ஜேர்மன் வானொலியில் ஜாஸைத் தடைசெய்தமையும், பின்னர் சுவிங் இசைக்கு ஆடிய ஹம்பேர்க் இளைஞர் பலரைக் கைதுசெய்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கன. பணியவைப்பது மட்டுமே அவ்விசையின் இயல்பாயின், பணிவையே வேண்டிய ஓர் ஆட்சி அதற்கு அஞ்சியிருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஆடியோர் மகிழ்ந்தனர் என்பதால் மட்டும் அம்மகிழ்ச்சி அறமாகிவிடாது. அதன் விலையைச் செலுத்தியோர் யாவர் என்பதும் நோக்கற்பாலது. குட்மனுக்குப் புகழீட்டிய இசையமைப்புகள் பல பிளெச்சர் ஹென்டர்சன் என்ற கறுப்பினக் கலைஞருடையவை. பணமுடையால் 1934இல் தமது குழு கலைய, அவர் தம் இசையமைப்புகளைக் குட்மனுக்கு விற்றார். ஹாலெமின் கொட்டன் கிளப்பில் டியூக் எலிங்டன் போன்ற கறுப்பினக் கலைஞர் வாசித்தனர்; அமர்ந்து கேட்கும் உரிமையோ வெள்ளையருக்கே இருந்தது. 1936இல் குட்மன் கறுப்பினப் பியானோ கலைஞர் டெடி வில்சனைத் தம்முடன் மேடையேற்றியமை துணிவான செயலே. எனினும் தனியொருவரின் துணிவு ஓர் அமைப்பின் அநீதியை ஈடுசெய்யாது.

இவற்றால் ஒன்று புலனாகும். பிறனைக் காட்சிப்பொருளாக்கும் மகிழ்ச்சி வேறு; பிறனோடு கைகோத்து ஆடும் மகிழ்ச்சி வேறு. பின்னையது துன்பத்தை மறக்கச் செய்வதில்லை. அதனை எதிர்நோக்கும் வலுவைத் தருகின்றது. 1939இல் நியூ யோர்க்கின் கஃபே சொசைற்றி என்னும் கேளிக்கை விடுதியில், கறுப்பினத்தவர் மரங்களில் தூக்கிக் கொல்லப்பட்ட கொடுமையைப் பில்லி ஹொலிடே பாடினார். அவர் பாடுகையில் பணியாளர் பரிமாறுவதை நிறுத்தினர், விளக்குகள் அணைக்கப்பட்டன. மகிழ வந்தோரை உண்மையின் முன் நிறுத்தவும் அவ்விசையால் இயன்றது.

வறியவன் தன் ஐந்து சதத்தை எவ்வாறு செலவிட வேண்டும் என அறிவுரை கூறுதல் எளிது. அவன் கையில் ஐந்து சதம் மட்டுமே எஞ்சியது ஏன் எனக் கேட்பதே அறம் பேசுவோரின் முதற்கடனாகும்.