பூச்சியைக் கொல்வதிலும் வரம்பு உண்டு

பயிரைத் தின்னும் பூச்சியைக் கொல்வது பாவமாகுமா என்று கேட்போர் உண்டு. தீங்கு தரும் பிராணியைத் தடுக்கவும், அவசியமானால் கொல்லவும் ஷரீஅத் அனுமதித்திருக்கிறது. ஆனால் எதுவரை கொல்லலாம் என்று கேட்போர் மிகக் குறைவு. நாம் சிந்திக்க வேண்டியது அதைத்தான்.

முன்சென்ற நபிமார்களில் ஒருவரை ஓர் எறும்பு கடித்தது. அவர் எறும்புப் புற்றையே எரிக்கச் செய்தார். கடித்தது ஒன்றாயிருக்க, தஸ்பீஹு செய்யும் ஒரு சமுதாயத்தையே அழித்ததற்காக அல்லாஹுத் தஆலா அவரைக் கண்டித்தான் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் வந்துள்ளது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் விளக்கப்படி, கண்டனம் கொன்றதற்காக அல்ல. கடித்த ஒன்றோடு நிற்காமல் மிஞ்சியதற்காகவே. தானாகத் தீங்கு செய்ய வராத எறும்பைக் கொல்வது மக்ரூஹ் என்று ஹனபி பிக்ஹு நூல்களும் கூறுகின்றன.

இந்த அளவுகோலை நம் நிலத்துக்குக் கொண்டு வருவோம். செய்யூர் வட்டாரத்தில் தர்பூசணி பயிரிடுகிறார்கள். அக்கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கின்றன. மகரந்தம் ஒட்டும் தன்மையுடையது. காற்று அதைச் சுமந்து செல்லாது. பெண் பூ காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் தேனீக்கள் பலமுறை வந்து அமர்ந்தால்தான் காய் சீராகத் திரளும். குறைந்தால் கோணலாகும், அல்லது பிஞ்சிலேயே உதிரும். அந்தக் காலை நேரத்தில் மருந்தடித்தால் அசுவினியோடு தேனீயும் மடிகிறது. எறும்பு, தேனீ, கொண்டலாத்தி, கீச்சான் ஆகிய நான்கையும் கொல்லலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் காண்கிறோம். மார்க்கம் தடுத்ததைச் செய்தவன் தன் விளைச்சலையும் இழக்கிறான்!

நெல்லிலும் இதே கதைதான். புகையான் தன் முட்டைகளை இலையுறைக்குள் இடுகிறது. மருந்து அங்கே எட்டுவதில்லை. ஆனால் அதைத் தின்னும் சிலந்தியும் பொறிவண்டும் செத்துப்போகின்றன. முட்டை பொரிந்து வரும் குஞ்சுகளுக்குப் பிறகு எதிரியே இல்லை. நஞ்சுக்குத் தப்பிய சில பூச்சிகள் இனம் பெருக்க, வரும் தலைமுறைகள் அந்நஞ்சைத் தாங்கும் வலிமை பெறுகின்றன. முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் இந்தோனேசியா, புகையானால் அடிபட்ட பிறகு, 1986-இல் 57 பூச்சிமருந்துகளை நெற்பயிருக்குத் தடை செய்தது இதனால்தான்.

"கடன் வாங்கிப் பயிரிட்டவனுக்குத்தான் தெரியும் பயம், பூச்சி வருமுன் அடிப்பதே புத்தி" என்று விவசாயி சொல்லலாம். அவர் பயம் நியாயமானதே. அவரைக் குறை கூற நாம் இதை எழுதவில்லை. ஆனால் நிர்ப்பந்தத்தால் வரும் அனுமதி அந்த நிர்ப்பந்தத்தின் அளவோடு நின்றுவிடும் என்பது பிக்ஹின் விதி. வராத பூச்சிக்கு மருந்தடிப்பதில் நிர்ப்பந்தம் எங்கே இருக்கிறது? அது கடனைத்தான் கூட்டும்.

ஆகவே இலையைப் புரட்டிப் பார்த்து, பூச்சி மிகுந்திருக்கக் கண்டால் மட்டும் மருந்தைத் தொடுவோம். பூக்கும் காலத்தில் தவிர்ப்போம். தவிர்க்க முடியாவிடில், பூ மூடித் தேனீ கூடு திரும்பிய மாலையில் அடிப்போம். பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அன்ஆம் அத்தியாயத்தின் 38-ஆம் வசனம் உணர்த்துகிறது. அச்சமுதாயங்களுக்கு நாம் செய்ததைப் பற்றியும் நம்மிடம் கேள்வி உண்டு.

வரம்பறிந்து நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்தருள்வானாக! ஆமீன்.